எடுத்துக் கொடுக்காத பெயர்

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வாசலைக் கவனிப்பது அவள் வேலை. தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் மெஷினோடு உட்கார்ந்திருந்தாலும் ஒரு கண் கதவிலேயே இருக்கும். ஆள் உள்ளே நுழைந்ததும், "வாங்க டீச்சரம்மா! பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். முன்னால் நிற்கும் அவள் கணவர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் மூக்கு கண்ணாடி போட லாயக்கா என்பது வரை பேசிச் சிரிக்க வைத்து அனுப்புவார். கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்குப் பெயர்கள் மனதில் நிற்காது. "முதலாளி எடுத்துக் கொடுத்தா போதும், மிச்சத்தை நான் சமாளிச்சிடுவேன்" என்பார். முதலாளி என்பது அவளுக்கு அவர் வைத்த செல்லப்பெயர்.

அதனால்தான் நோய் வந்தது வெளியே தெரியவில்லை. முதலில் அவளுக்கே தெரியவில்லை. வலது கண் லென்ஸை இடதில் மாட்டினார். யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டாள். கண் பரிசோதனை முடிந்த ஆளை மறுபடியும் உட்கார வைத்து முதல் வரியைப் படிக்கச் சொன்னார். ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில், தெருத் திருப்பத்தில் நின்று, "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவள் அவரை டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

ஆரம்பநிலை அல்சைமர் என்றார் டாக்டர். கட்டுப் போட்டிருந்த அவள் விரலையும் பார்த்தார். இரவெல்லாம் கடைச் சாவியைத் தேடி அவர் அலமாரியைக் கலைக்க, கூடவே விழித்திருந்து, பகலில் மெஷினுக்குக் கொடுத்த விரல் அது.

"கொஞ்ச நாளாவது இவரை யார்கிட்டயாவது விட்டுட்டு நீங்க தூங்கணும்மா. இல்லன்னா உங்களைப் பாத்துக்க ஓர் ஆள் தேட வேண்டியிருக்கும்."

இருந்த ஒரே ஆள் நாத்தனார். அவள் வந்தாள். அண்ணன் வாசலுக்கே போய் வரவேற்றார். "தங்கச்சி வந்திருக்கா பாருங்க" என்று மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பழைய கதைகளைப் பேசி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார், சமையலறையில் டீக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டே, "அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் அலுத்துப்போச்சு. கட்டினவனைப் பைத்தியம்னு சொல்லித்தான் லீவு எடுக்கணுமா?"

"பைத்தியம்னு நான் சொல்லலம்மா."

"வேற என்ன சொன்னீங்க? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்காதீங்க. நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்பறேன்."

மறைத்தது தானேதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலை நாத்தனார் விடைபெறக் கடைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து பேக்கரிக்காரர் உள்ளே நுழைந்தார். தினம் பார்க்கும் ஆள். அவருடைய புதுக் கண்ணாடி தயாராகி அவள் மடியில்தான் இருந்தது. வாயைத் திறக்கப் போனவள் மூடிக்கொண்டாள்.

"ரெடியாண்ணே?"

"எப்பவோ ரெடி!" என்றார் கணவர். பிறகு தடுப்புப் பக்கம் திரும்பினார். அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு இழுப்பறையைத் திறந்தார், மூடினார். மேஜைமேல் இருந்த தங்கையின் கண்ணாடியை எடுத்து, பேக்கரிக்காரரின் மூக்கில் பக்குவமாக வைத்து, காதோரம் விரலால் நீவிச் சரிசெய்தார்.

"என்னண்ணே, சுவரெல்லாம் நெளியுது! பொம்பளைக் கண்ணாடியா?" அவர் சிரித்தார். வேடிக்கை என்றே நினைத்தார்.

கணவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க... எதுக்கு வந்தீங்க?" பதில் வருமுன் தங்கையிடம் திரும்பினார். "உங்களுக்கும் டெஸ்ட்தானேம்மா? உக்காருங்க, கூப்பிடறேன்."

நாத்தனாரின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

"முதலாளி," என்றார் அவர் தடுப்பைப் பார்த்து. "யாருன்னு சொல்லேன்." அவள் மடியிலிருந்த கண்ணாடியை இறுகப் பற்றிக்கொண்டாள். "ஏன் சொல்ல மாட்டேங்கிற? நான் என்ன தப்பு பண்ணேன்?" பேக்கரிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி வெளியேறினார்.

"அண்ணி, சொல்லித் தொலைங்களேன்!" நாத்தனார் அலறினாள்.

"இவ்வளவு நாள் சொல்லிக் கொடுத்ததாலதான் உனக்குத் தெரியல," என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். பேக்கரிக்காரர், கண்ணாடி, கடை, எதுவும் ஞாபகமில்லை. ஆனால் அவள் டீ நீட்டியபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அந்த அம்மா கோவக்காரி," என்று தங்கையின் காதில் கிசுகிசுத்தார். காரணம் போய்விட்டது, பயம் தங்கிவிட்டது.

"ஒரு மாசம் என்கிட்ட இருக்கட்டும் அண்ணி," என்றாள் நாத்தனார், அழுது வீங்கிய கண்ணோடு. "நீங்க தூங்குங்க."

கார் வந்தது. டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "சார், எங்கே போகணும்?" என்றான்.

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பழக்கத்தில் கழுத்து அவள் நின்ற பக்கம் திரும்பத் தொடங்கிற்று. அவள் சொல்லத் தயாராக இருந்தாள், உதடுகூடப் பிரிந்துவிட்டது. கழுத்து பாதியில் நின்று, தங்கையின் பக்கம் திரும்பிக்கொண்டது.

தங்கை சொன்னாள். அவர் அதையே டிரைவரிடம் கம்பீரமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் கட்டிலில் விழுந்தாள். ஆசை தீர அழுவதற்கு இப்போது நேரம் நிறைய இருந்தது. அதற்குள் தூங்கிப்போனாள்.