சென்சாரில் வெள்ளைப் பொடி

டாக்சிக்காரர் மூன்றாவது முறையாக அதே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பட்டறைக்காரனுக்கு வண்டிக்கு அடியில் படுக்கவே அலுப்பாக இருந்தது.

"என்ஜின் விளக்கு மறுபடியும் எரியுதுங்க" என்றார் அவர். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சாரை ஏற்கெனவே இரண்டு தடவை மாற்றியாயிற்று. இப்போதிருந்ததையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று சொல்லிவிடலாம். இதன் முனையிலோ வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எண்ணெய் கசியாமலிருக்க என்ஜின் மூடிக்குப் பூசிய பசைதான் ஆவியாகிப் படிந்து சென்சாரைக் கெடுத்திருக்கிறது.

மூடியைப் பூட்டியவள் அவன் மனைவி. என்ஜின் வேலை அவளுடையது, மின்சார வேலை அவனுடையது. அவள் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். எழுப்ப மனம் வராமல் நின்றான்.

"என்ன, பசையா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"எதப் போட்ட?"

"இருந்ததப் போட்டேன். சென்சாருக்கு ஒத்துக்கிற பசை தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். தலைய ஆட்டினீங்க."

அவனுக்கு நினைவில்லை. ஆனால் ஆட்டியிருப்பான். மூடியைப் பூட்டிய அந்த வாரம் ராத்தூக்கமே இல்லாமல், யார் எது சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தான்.

டாக்சிக்காரரிடம் போய், "தப்பு எங்களோடது. மூடியத் திரும்பப் பிரிக்கணும், சாயங்காலம் ஆயிடும்" என்றான்.

"அப்ப நான் பின்சீட்டுல கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

கணவனும் மனைவியும் அவர் தூக்கம் கலையாதபடி மெதுவாக மூடியைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.