தவிட்டு நிற வெட்டுக்கிளி

நாளை பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள். அன்றுதான் அரசுக் கணக்குக்காக வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணுவார்கள். மலையாளம் பேசும் கொல்லயில் ஊர் முழுக்க வீடு வீடாகக் கெஞ்சி நான் சேர்த்தது நான்கே பிள்ளைகள். அதில் ஒரு தலை குறைந்தாலும் என் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்கள்.

அவர்களுக்கு வெட்டுக்கிளிப் பாடம் நடத்தினேன். புல்லில் பச்சை வெட்டுக்கிளி காக்கையின் கண்ணில் படாது. தவிட்டு நிறத்தது இரையாகும்.

“தவிட்டு நிறத்துக்கு ஆசை வந்தா பச்சையாவுமா டீச்சர்?” என்று கேட்டாள் ஷிஜி.

“ஆவாது மக்கா. பச்சையாட்டு பொறந்தது தப்பும். அதுக்க பிள்ளையளும் பச்சையாட்டு பொறக்கும். மத்தது கொஞ்சம் கொஞ்சமா இல்லாம போவும்.”

மணி அடித்தது. “நாளைக்கு ஒருத்தரும் லீவு எடுக்கப்பிடாது,” என்றேன்.

ஷிஜி தலைகுனிந்தாள். “அப்பா நாளைக்கு என்னை இங்கிலீஷ் மீடியத்துல சேக்கப்போறாரு டீச்சர். உங்க மவன் படிக்கிய அதே ஸ்கூல் ஆக்கும்.”