இரண்டு குமிழ்கள்

நாத்தனாரின் சைக்கிளுக்குக் கியர் கேபிளின் உறையைத் தானே மாற்றித் தருவதாக அவள் சொன்னபோது, "ஐயோ, உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்? கடைல குடுத்துக்கறேன்" என்றாள் நாத்தனார். அந்த 'உங்களுக்கு எதுக்கு சிரமம்'தான் அவளை உசுப்பிவிட்டது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை நாத்தனார் அவளை ஒரு குறை சொன்னதில்லை. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் பேசாமல் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். அண்ணனிடம் மட்டும் வள்வள்ளென்று விழுவாள், ஈரத்துண்டை அவன் மேல் எறிவாள், அடுத்த நிமிஷம் அவன் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குப் பொறாமையாக இருக்கும். என்னை யாராவது திட்டமாட்டார்களா என்று ஏங்குகிறேன் என்பதைப் போய் யாரிடம் சொல்வது? விருந்தாளியிடம்தான் எல்லோரும் அத்தனை பதவிசாக இருப்பார்கள். வருஷக்கணக்கிலா ஒருத்தி விருந்தாளியாக இருப்பாள்?

நாத்தனார் வீடு வீடாகப் போய், அடிபட்டவர்களுக்கும் படுத்துவிட்டவர்களுக்கும் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவள். பாதி வீடுகள் மேட்டுத் தெருக்களில். கியர் இல்லாமல் அந்தச் சைக்கிள் ஏறாது. இவளோ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எறும்பு அளவுத் திருகுகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிய விரல்கள். ஒரு கேபிளா பெரிது?

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படிக் கைப்பிடியில் கயிறு கட்டி, சைக்கிளின் இருக்கையை அதில் மாட்டிப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினாள். வெடித்துப்போன பழைய உறையைப் புதியதன் பக்கத்தில் வைத்து அளந்து வெட்டினாள். வெட்டிய முனையை அரத்தால் மட்டமாகத் தேய்த்து, நசுங்கிய துளையை ஊசியால் திறந்து, மூடி மாட்டினாள். கியரைக் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, கேபிளைக் குறடால் இழுத்துப் பிடித்து நட்டை முறுக்கினாள். பிறகு ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, இன்னொரு கையால் 'டிக், டிக்' என்று கியரை மாற்ற, சங்கிலி ஒவ்வொரு சக்கரமாக வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாலை, "எப்படி இருக்கு?" என்றாள்.

"வெண்ணெய் மாதிரி போகுது அண்ணி!"

வெண்ணெயை இன்னொரு முறை கேட்கும் ஆசையில், நாத்தனார் குளிக்கப் போனதும் அவள் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினாள். கரகரவென்றது. சங்கிலி பக்கத்துச் சக்கரத்தின் பல்லை உரசிக்கொண்டிருந்தது. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. இந்தச் சத்தத்தோடு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து 'வெண்ணெய்' என்கிறாளே! கேபிள் ரொம்ப இறுகியிருக்கிறது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கேபிள் நுழையும் இடத்தில் விரல்நுனியால் திருகும் குமிழ் ஒன்று உண்டு. உள்ளே திருகினால் கேபிள் தளரும், வெளியே திருகினால் இறுகும். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே திருகினாள். சத்தம் நின்றது.

அடுத்த நாளும் "வெண்ணெய்"தான். அடுத்த நாளும் கரகரதான். அவள் மறுபடி திருகினாள். உறையை நீளமாக வெட்டிவிட்டேனோ, மூடி சரியாக உட்காரவில்லையோ என்று கடையில் யாருக்கோ கண்ணாடிக் காலை வளைக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு பாட்டியம்மாவின் கண்ணாடி காது தாண்டிப் போய் நின்றது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது நாத்தனார் மெல்ல ஆரம்பித்தாள். "நல்லாத்தான் ஓடுது அண்ணி. எதுக்கும் திங்கக்கிழமை கடைல ஒரு தடவை காட்டிடறேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

நினைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? கடைக்குப் போனால் சைக்கிள் சரியாகிவிடும். இந்த வீட்டில் அவள் மட்டும் இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு 'ஒண்ணும் நெனச்சுக்காதீங்க' ஆகிவிடுவாள்.

சனிக்கிழமை காலை சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குமிழைத் தொட்டால் அது அசையவில்லை. உள்ளே போக இனி இடமே இல்லை. இத்தனை தளர்த்தியும் எப்படி இறுகும்? கேபிளை விரலால் தடவிக்கொண்டே முன்னால் போகலாம் என்று எழப்போனவள், மாடிப்படியில் காலடி கேட்டு அப்படியே பதுங்கினாள்.

நாத்தனார் பூனைபோல வந்தாள். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை, வாசல் பக்கம் ஒரு பார்வை. ஹேண்டில்பாரில் கை வைத்தாள். அங்கேயும் ஒரு குமிழ் இருக்கிறது, அதே கேபிளின் மறுமுனை. அதை வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். குமிழ் மரையை விட்டே கழன்று கேபிளில் தொங்கியது.

"ஐயையோ!"

"என்ன பண்றீங்க?" என்று எழுந்தாள் இவள்.

நாத்தனார் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி! உயிரே போச்சு! நீங்க அங்க என்ன பண்றீங்க?"

இரண்டு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீ டம்ளரோடு வந்த அவள் கணவன், "என்ன, இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்துட்டீங்க?" என்றான்.

"ஒரே நேரத்துலன்னா?"

"இவ காலைல திருகுவா, நீ சாயந்திரம் திருகுவ. முறை வச்சுப் பாத்துக்கறீங்கன்னுல நெனச்சேன்!"

"தெரிஞ்சும் வாயத் தொறக்கலையா நீ?" என்று அண்ணன் மேல் பாய்ந்த நாத்தனார், பாதியில் திரும்பினாள். "நீங்க தளர்த்தினீங்களா? நான் அஞ்சு நாளா இறுக்கறேன்! பெரிய சக்கரத்துக்குப் போகவே மாட்டேங்குது. மேட்டுல பாதில நின்னுட்டேன்!"

"அத என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து செஞ்சீங்க!"

"வெண்ணெய்னீங்களே!"

"பின்ன, கல்லுன்னா சொல்ல முடியும்?"

புது உறை ஓட்ட ஓட்டத்தான் தன் இடத்தில் அழுந்தி உட்காரும், கேபிள் கொஞ்சம் தொய்யும். முதல் நாளே சொல்லியிருந்தால் அரைத் திருகில் முடிந்திருக்கும். இதை அவள் சொன்னாள், கொஞ்சம் உரக்கவே சொன்னாள். நாத்தனாரும் விடவில்லை. "நீங்க மட்டும் என்னவாம்? சத்தம் வருதுன்னு என்கிட்ட கேட்டீங்களா? திருட்டுத்தனமா திருகியிருக்கீங்க! எதக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்', 'உங்க இஷ்டம்'! ஒருத்தி எத்தன நாள்தான் தன் இஷ்டத்தோடயே குடித்தனம் பண்றது? அந்தக் கூடத்துத் திரைச்சீலை சகிக்கல, தெரியுமா?"

"எனக்கும்தான் சகிக்கல! உங்களுக்குப் பிடிக்கும்னு வாங்கினேன்!"

கணவன் டம்ளரை எடுத்துக்கொண்டு நைசாக நழுவினான். முதலில் யார் சிரித்தது என்று பிறகு அவளால் யோசித்துச் சொல்ல முடியவில்லை. நாத்தனார் படியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர்.

இரண்டு குமிழையும் நடுவாகத் திருகி வைத்தார்கள். நட்டைத் தளர்த்தி, நாத்தனார் கேபிளை இழுத்துப் பிடிக்க, இவள் முறுக்கினாள். "இன்னும் இழுங்க. நோயாளி காலயா இழுக்கறீங்க, பயந்து பயந்து?" என்று இவள் வாயில் தானாக வந்தது. நாத்தனார் முறைத்துக்கொண்டே இழுத்தாள்.

பிறகு தெருக்கோடி மேட்டில் நாத்தனார் மிதிக்க, இவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்திலேயே ஓடினாள். மூச்சிரைத்தாலும் காது மட்டும் சங்கிலியில். எதிர்வீட்டுத் தையல்காரர் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இப்ப?"

"போகல! இன்னும் இறுக்கணும்!"

அவள் குனிந்து அரைத் திருகு திருகினாள். நாத்தனார் மறுபடி மிதித்தாள். 'டிக்'. சங்கிலி தயங்கி, ஏறியது.

"இப்பவாவது சரியா?"

"எங்க? அடுத்தது உரசுது. என்ன அண்ணி, இதுகூடக் கேக்கலையா? வெறுமனே ஓடி வந்தா போதுமா?"

இதுவரை இந்த வீட்டில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. மூச்சு வாங்க நின்றவளுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு.

"இளிச்சது போதும், திருகுங்க!" என்றாள் நாத்தனார், பெடலில் ஒரு காலை ஊன்றி.