ஆஸ்பத்திரிக்கு வழி

கைக்குழந்தையோடு வந்த ஒரு ஜார்ஜியப் பெண், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பத்திரிகைக் கடையில் திக்கித் திக்கிப் போலிஷில் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள். கடைக்காரர் ஸெனோன் வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே சொன்னார். "நேராப் போ. சர்ச் வரும், இடது பக்கம் திரும்பு. பாலத்தைத் தாண்டினா ஆஸ்பத்திரிதான்."

அவள் நகர்ந்ததும் பக்கத்தில் நின்ற நண்பரைப் பார்த்துக் கண்ணடித்தார். "நம்ம பாஷை தெரியாம வர்றதுங்களுக்கு எப்பவும் இதான். லூப்ளினைச் சுத்திப் பாக்கட்டுமே."

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஸோரியானா ஓடிப்போய் அந்தப் பெண்ணை மறித்து, எதிர்ப்பக்கம் அனுப்பினாள். அதன்பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அதே வார்த்தைகள். இரண்டு குளிர்காலத்துக்கு முன், உக்ரைனிலிருந்து வந்த புதிதில், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த கணவன் ஓஸ்தாப்பைப் பார்க்க ஓடியபோது இவரிடம்தான் வழி கேட்டாள். பாலத்துக்கு அப்பால் மரக்கிடங்கின் மதில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் முகத்தை மூடியிருந்தார்கள். இடதா வலதா என்று தன் காதுதான் பிசகிவிட்டது என நம்பினாள். பாத்திரம் கழுவும்போதுகூட அந்தப் போலிஷ் சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். "என் தப்புதான் அத்தை" என்று மாமியாரிடம் போனில் அழுதாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவளோடு பேசவேயில்லை.

மறுநாள் காலை, கடையில் கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துப் போனாள். வேண்டுமென்றே போலிஷை உளறி, ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள். அவர் அதே வழியைச் சொன்னார்.

"புரியலைங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

உரக்கச் சொன்னார். வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற நர்ஸ் யாத்விகா திரும்பிப் பார்த்தாள். "காலையிலேயே ஊத்திக்கிட்டியா ஸெனோன்? அந்தப் பக்கம் ஏதுய்யா ஆஸ்பத்திரி?"

ஸோரியானா இப்போது பிசிறில்லாத போலிஷில் பேசினாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இவர் இதையேதான் சொன்னார். நான் பாலத்து மேல ஓடிக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில என் புருஷன் செத்துட்டான்."

ஒருவர் வாங்கிய பத்திரிகையைத் திரும்ப வைத்துவிட்டு நடந்தார்.

"விளையாட்டுக்குத்தாம்மா..." ஸெனோன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தார். "மன்னிச்சிடு."

"மன்னிப்பா கேட்டேன்? வழி கேட்டேன்."

"பின்னால திரும்பிப் போங்க. பூங்கா ஓரமாவே... ரெண்டாவது தெருவுல வலது பக்கம்."

தலையசைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்து கேட்டாள். அதற்கடுத்த நாளும். இடையில் ஒரு வாரம் அவர் கடையைத் திறக்கவில்லை. திறந்த அன்று முதல் ஆளாக நின்றாள்.

"போதும் விடுடி. ஆளு பாதியா இளைச்சிட்டான்" என்றாள் யாத்விகா.

"எனக்கு இன்னும் சரியாப் புரியலக்கா."

முதல் பனி விழுந்த காலையில், உள்ளிருந்து சொன்னால் கேட்கவில்லை என்று அவரை வெளியே வரவழைத்தாள். கையுறைகூட இல்லாமல் வந்து, பூங்காவின் பக்கம் கையை நீட்டிச் சொல்லி முடித்தார். அவள் இன்னும் தலையசைக்கவில்லை. இறக்கத் துணியாத அந்தக் கையின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.