ரேகாவின் மெட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள்

பகலில் ரேகா சிதம்பரத்தில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பாள். முகூர்த்த நாட்களில் சாயங்காலமானால் கடலூர் இன்னிசைக் குழு ஒன்றோடு கல்யாண ரிசப்ஷன்களில் பாடுவாள். பாடுவதெல்லாம் சினிமாப் பாட்டு. மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டதைப் பாடி, பந்தியில் சாப்பிட்டு, வீடு திரும்புவாள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பாட்டு வேண்டும் என்ற ஆசை மனசுக்குள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆசைக்கு வழி செய்தது ஒரு கடைவாய்ப்பல். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த தமிழ்ச்செல்வி, கன்னத்தில் பஞ்சை அடக்கியபடி ரேகாவின் மேஜை முன்னால் நின்றாள். கிள்ளைக்காரி, கடலூரில் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர்.

"நீதான ரிசப்ஷன்ல பாடுற பொண்ணு? மஞ்சக்குப்பம் கிரவுண்டுல எங்களுக்கு பைனல் வருது. புள்ளைங்க உள்ள எறங்குறப்ப போட ஒரு பாட்டு வேணும். சினிமாப் பாட்டு வேணாம். புதுசா, நம்மளுதா இருக்கணும்."

"போடுறேங்க்கா" என்று ரேகா உடனே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது மெட்டு தானாக வந்தது. பக்கத்து சீட்டுக்காரம்மா திரும்பிப் பார்ப்பதைக் கண்டுகொள்ளாமல் செல்போனில் முணுமுணுத்துப் பதிந்துகொண்டாள். கடலூர் வருவதற்குள் வார்த்தைகளும் சேர்ந்துவிட்டன. இறங்கும்போது, ஜன்னலோர சீட்டைத் தனக்கு விட்டுக்கொடுத்த அந்தம்மாவுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள்.

முதலில் அருள்முருகனுக்குப் போட்டுக் காட்டினாள். காலையில் கோயிலில் தவில், சாயங்காலம் அவளுடைய குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறவன்.

"நல்லாருக்கு ரேகா. ஆனா இது கூத்துல கட்டியக்காரன் வர்ற பாட்டாச்சே."

"நான் கூத்தே பாத்ததில்ல அருளு."

"பாக்கலன்னா இன்னா? ஆடி மாசம் பூரா உங்க தெருமுனையில குழாய் கட்டி அலற விடுறாங்க. காதை எங்க கழட்டி வைப்ப?"

வீட்டுக்குப் போய் மெதுவாகப் பாடிப் பார்த்தாள். அவளுடைய அப்பா ஆரோக்கியராஜ் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். பேப்பரை இறக்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"பெரிய வெள்ளிக்கிழமை புலம்பலை எதுக்கும்மா இம்மாம் வேகமா பாடுற? பஸ்ஸைப் புடிக்கப் போறவன் அழற மாதிரி இருக்குது."

பதிவைத் தமிழ்ச்செல்விக்கும் அனுப்பியிருந்தாள். மறுநாள் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "எங்கம்மா கேட்டாங்க. இது நம்ம கரையில வலை இழுக்குறப்ப பாடுறதாச்சேன்றாங்க. அதான் எனக்கு கேட்டதும் புடிச்சிப்போச்சி போல."

மெசேஜின் கடைசி வரி ரேகாவின் காதில் ஏறவேயில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பாட்டு என்று நினைத்தது மூன்று பேருடைய பாட்டாகிவிட்டது. பதிவை அழித்துவிட்டு, யாருடையதைப் போலவும் இல்லாத ஒரு பாட்டைப் போட உட்கார்ந்தாள். தெரியாத நாட்டுத் தாளம் ஒன்றை எடுத்தாள். பழக்கமான சுரம் எதுவும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டாள். நாக்கு தானாகப் போகிற இடத்தையெல்லாம் தவிர்த்தாள்.

சனிக்கிழமை பயிற்சியில் அந்தப் புதுப் பாட்டைப் போட்டார்கள். வரிசையாக ஓடி வந்த பெண்களில் முன்னால் வந்தவள் தயங்க, பின்னால் வந்தவள் அவள் முதுகில் மோதினாள். கேப்டன் ஸ்ரீமதி வந்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, எங்க கை தட்டறதுன்னே தெரியல" என்றாள்.

"வாசிச்ச எனக்கே தெரியல" என்றான் அருள்முருகன்.

தமிழ்ச்செல்வி பழைய பாட்டையே கேட்டாள். ரேகா முடியாதென்று தலையாட்டினாள்.

"அது என்னுது இல்லக்கா. எடுத்துப் போட்ட மாதிரி இருக்கு."

"சரி, பாத்துடலாம்" என்றான் அருள்முருகன். "நான் கூத்துப் பாட்டைப் பாடுறேன். கூடவே நீ உன்னுதைப் பாடு."

மைதானத்து ஓரம் இருவரும் பாடினார்கள். முதல் அடி ஒட்டிக்கொண்டே போனது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது அடியில் இரண்டும் முட்டிக்கொண்டன. அவன் கீழே இறங்கினான்; அவள் மேலே போயிருந்தாள். திரும்பவும் பாடினார்கள். திரும்பவும் அதே இடம். தமிழ்ச்செல்வி வலைப் பாட்டைப் பாடிப் பார்த்தாள். அது அந்த இடத்தில் இழுத்து நின்றது. ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டுப் புலம்பலைப் பாடச் சொன்னார்கள். அதுவும் அங்கே இறங்கித் தேய்ந்தது.

"அங்க எதுக்கு மேல தூக்குன?" என்று அருள்முருகன் கேட்டான்.

ரேகா யோசித்தாள். "புள்ளைங்க ஓடி வர்றதை நெனைச்சிக்கிட்டிருந்தேன். அங்க கீழ வந்தா அவுங்க நின்னுடுவாங்கன்னு தோணிச்சி."

"அப்ப அது உன்னுதுதான்" என்றாள் தமிழ்ச்செல்வி. "மீதி எல்லாம் நம்ம எல்லாருதும். நான் கேட்டதே அதைத்தான?"

இந்த முறை ரேகாவுக்கு அது காதில் விழுந்தது. மனசும் லேசானது.

பாட்டைத் திரும்பப் பதிந்தார்கள். அருள்முருகனின் தவில் ஆரம்பித்தது. நடுவில் ஆரோக்கியராஜின் ஆர்மோனியம் வந்தது. தமிழ்ச்செல்வியின் அம்மா கிள்ளையிலிருந்து நாலைந்து பெண்களோடு வந்து பின்குரல் கொடுத்தார். குரல் ஜாஸ்தியாகிவிட்டதென்று அவர்களை மைக்கிலிருந்து இரண்டு தரம் தள்ளி நிற்க வைக்க வேண்டியிருந்தது. ஆரோக்கியராஜ் முதலில், "புலம்பலுக்குத் தவிலா?" என்று முகம் சுளித்தார். பதிவு முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கலாமா என்று அவரே கேட்டார்.

பைனல் அன்று அந்தப் பாட்டோடு பெண்கள் மைதானத்தில் இறங்கினார்கள். மூன்றாவது அடியில் அவர்கள் ஓட்டம் பிடித்தபோது கூட்டம் கைதட்டியது. யாருக்கும் எங்கே தட்டுவதென்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றுப்போனார்கள்.

கோப்பையோடு மைதானத்தைச் சுற்றிய விழுப்புரம் அணி, அதே பாட்டைத் திரும்பப் போடச் சொன்னது. அதன் கேப்டன் வியர்வையைத் துடைத்தபடி ரேகாவைத் தேடி வந்தாள்.

"அக்கா, இது எங்க ஊரு மெட்டாச்சே. எங்க மாமா உடுக்கை அடிச்சி பாடுவாரு."

"கப்பும் இவுங்களுக்கு, பாட்டும் இவுங்களுக்கா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

ரேகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "உங்க மாமா எப்படிப் பாடுவாரு? பாடிக் காட்டு" என்று செல்போனை அவள் வாயருகே நீட்டினாள்.

அந்தப் பெண் கோப்பையைக் கவிழ்த்து மடியில் வைத்து, உடுக்கை மாதிரி தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். விழுப்புரம் வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ரேகா அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.