பூஜ்யம் வராத தண்ணீர்

"அதப் புடுங்காதீங்க, அது ஃபில்டரு. கரண்டு நின்னா உள்ள இருக்கிறதெல்லாம் செத்துப்போகும்."

வாசற்படியில் பையை இறக்கிவைப்பதற்குள் அருள்மொழி சொன்ன முதல் வார்த்தை அதுதான். அப்பா செத்துக் கிடக்கிற வீட்டுக்குள் நுழைகிற மகள் பேசுகிற பேச்சா அது? பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த ஆள் அதன் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பெரிய ப்ளக் பாயிண்ட். அதில் ஏற்கெனவே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. குளுகுளுவென்ற அந்தச் சத்தம் தெருவில் வரும்போதே அவளுக்குக் கேட்டுவிட்டது. போனில் அப்பாவின் குரலுக்குப் பின்னால் கேட்டுப் பழகிய சத்தம்.

"எது ஃபில்டரு?" என்றான் தம்பி நிலவன். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

சுவரோரம் அவள் நினைத்துவந்த மீன்தொட்டி இல்லை. முழங்கால் உயரத்தில், சக்கரம் வைத்த வெள்ளை மிசின் ஒன்று நின்றது. அதன் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குப்பி, குப்பித் தண்ணீரில் குமிழிகள். அதிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய், யார் மூக்கிலும் இல்லாமல் பாயின் மேல் கிடந்தது. ஆக்சிஜன் மிசின். விடியக்காலையில் மூச்சு நின்ற பிறகும் அதை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது.

நிலவன் குனிந்து சுவிட்சை அணைத்தான். ஃப்ரீசர் பெட்டியின் ஒயர் அந்த இடத்தில் ஏறியது. அம்மா வேலுத்தாய் பெட்டியின் மேல் சாய்ந்து அழுதாள். மகளைப் பார்த்ததும் அந்த அழுகை ஒரு நொடி நின்று, பிறகு கூடுதலாக வந்தது. நின்ற அந்த ஒரு நொடியை அருள்மொழி கவனித்துக்கொண்டாள்.

"திடீர்னு நெஞ்சு வலி வந்துச்சுக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றுதான் காலையில் போனில் சொல்லியிருந்தான் தம்பி. திடீரென்று வந்த வலிக்கு எந்த வீட்டில் மிசின் வாங்கி வைத்திருப்பார்கள்?

அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் பின் அறைக்குப் போனாள். தொட்டி அங்கே இருந்தது. நாலடிக் கண்ணாடித் தொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்காதது. உள்ளே மடித்த படுக்கை விரிப்புகள், பெரியவர்களுக்கான டயப்பர் பாக்கெட்டுகள், மாத்திரை அட்டைகள். தொட்டிக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி. மேலே அவளுடைய கையெழுத்தில் விலாசம்: பெ. திருப்பதி, போடிநாயக்கனூர். ஒட்டிய டேப் கிழிக்கப்படவே இல்லை.

அவள் அப்பா திருப்பதி, ஏலக்காய்க் குடோனில் முப்பது வருஷம் தரம் பார்த்தவர். கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தே காய் எட்டு மில்லிமீட்டரா ஏழா என்று சொல்லிவிடுவார். மூட்டைக்குள் ஒன்றும் சாம்பிளில் ஒன்றும் வைத்து ஏலத்துக்கு வருகிற ஆளோடு அவர் டீகூடக் குடிக்கமாட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அருள்மொழி திருப்பூரில் தன்னோடு வேலை பார்த்த கார்முகிலைக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது அவர் சத்தம் போடவில்லை. வேற சாதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

இந்த ஜூலையில்தான் அந்தப் போன் வந்தது.

"ஏத்தா, ஒனக்கு அழுக்குத் தண்ணிய சுத்தம் பண்ற சோலிதான? நாலடித் தொட்டிக்கு எந்த ஃபில்டரு போடலாம்? ஆஸ்காரு மீனு ஒரு சோடி வளக்கலாம்னு இருக்கேன்."

மூன்று வருஷமாக நின்றிருந்த பேச்சு அப்படித் தொடங்கியது. சாயப்பட்டறைக் கழிவுநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் அவள். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுதுவிட்டு வந்து, அன்றைக்கே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள். ஆஸ்கார் என்பது சிக்லிட் வகை. பெரும் தீனி, பெரும் அசிங்கம். பின்னால் தொங்கவிடுகிற சின்ன ஃபில்டர் அதற்குத் தாங்காது. தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி வைப்பதற்கு வீட்டில் இடமில்லை. வாளி மாதிரி கீழே உட்காருகிற கேனிஸ்டர்தான் சரி. இருநூற்றைம்பது லிட்டர் தண்ணீர், மணிக்கு ஐந்து சுற்று. அப்பாவுக்குக் கேள்விக்கு மேல் கேள்வி. பஞ்சு முதலிலா, பீங்கான் வளையம் முதலிலா? வளையத்தை ஏன் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது?

"குளோரின்ல பாக்டீரியா செத்துருமப்பா. மீனோட கழிவ அதுதான் தின்னு செமிக்கணும். அது வளர ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் மீன் விடாம, அம்மோனியாவ ஊத்தி ஊத்தி, ரீடிங் பூஜ்யம் வர்ற வரைக்கும் பாக்கணும்."

"அப்ப பூஜ்யம் வரட்டும். நீயும் மாப்ளையும் வந்து ஒங்க கையால மீன விடுங்க."

மாப்ளை. அந்த வார்த்தைக்காகத்தான் அவள் செப்டம்பரில் ஃபில்டரையும் அம்மோனியா அளக்கிற சோதனைப் பெட்டியையும் வாங்கி அனுப்பினாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா ரீடிங் சொல்வார், இவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். நான்கு. நான்கு. மூன்று. இரண்டு. அழகாக இறங்கியது. அரைக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒன்றரை மாதம் இரண்டரை மாதமானது. வெயில் பத்தவில்லையோ, தண்ணீரில் காரம் குறைவோ என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். "ஒங்கப்பா தொட்டில பாக்டீரியாவும் சாதி பாக்குது போல" என்று கார்முகில் கிண்டல் பண்ணினான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நிலவன் பின் அறை வாசலில் வந்து நின்றான்.

"எப்பத்துல இருந்துடா?"

"தொட்டி வாங்குனது நெசம்க்கா. ஃபில்டரு கேட்டதும் நெசம். ஒன் பார்சலு வந்த வாரந்தான் மதுரை ஆஸ்பத்திரில சொன்னாங்க. ரெண்டு நுரையீரலும் போச்சுன்னு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

கூடத்திலிருந்து சுருளியம்மாள் அத்தையின் ஒப்பாரி வந்தது: மூச்சுக்குத் தவிச்ச மகராசா, மூணு மாசம் படுத்த ராசா. அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அவள் ஒருத்திக்குத்தான் அம்மோனியா ரீடிங்.

"நான் மகதானடா? எனக்கு ஒரு வார்த்த சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலையா?"

"சத்தியம் வாங்கிட்டாருக்கா. நீ பாத்தா தாங்க மாட்டன்னாரு. மாப்ள முன்னாடி பீத்துணியோட கெடக்க மாட்டேன்னாரு. நான் என்ன செய்ய?"

"ஃபில்டருல காத்து அடைச்சிருக்கு, சத்தம் கேக்குது, சாய்ச்சு ஆட்டுங்கன்னு சொன்னேன். சரிம்மான்னாரு."

நிலவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ அதச் சொன்னதுல இருந்து, ஒனக்குப் பேசுற நேரம் மட்டும் மிசின நிறுத்தச் சொல்லுவாரு."

அக்டோபருக்குப் பிறகு பேச்சு சுருங்கிப்போனது அவளுக்கு நினைவிருந்தது. ரீடிங்கைச் சொல்லி, சாப்ட்டியாம்மா என்று கேட்டு, வச்சிருவார். அவள் அதற்கும் கோபப்பட்டிருக்கிறாள். காரியம் முடிந்ததும் மகள் கசந்துவிட்டாளா என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். அதற்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

"கார்முகில் மாமா கோடித்துணியோட வரட்டும்க்கா, வாங்கிக்கிருவோம். அப்பா ஒண்ணும் வேணாம்னு சொல்லல."

"வேணும்னு சொன்னாரா?"

நிலவன் தொட்டிக்குள் குனிந்தான். விரிப்புகளுக்கு அடியில் கையைவிட்டு, ஏலக்காய்க் கடை போட்ட மாதக் காலண்டரை எடுத்து நீட்டினான். "எப்பிடியும் ஒன் கைக்குத்தான் வரணும்" என்றான்.

தேதிக் கட்டங்களில் பென்சிலால் எண்கள். செப்டம்பரும் அக்டோபரும் அப்பாவின் கையெழுத்து, சாம்பிள் சீட்டில் எழுதுகிற அதே கெட்டி எழுத்து. நவம்பர் நடுவில் அது கோணிப்போய், பிறகு நிலவனின் எழுத்தாக மாறியிருந்தது. இன்று நவம்பர் இருபத்தொன்று. எண்கள் இன்றோடு நிற்கவில்லை. நாளைக்கு அரை. அடுத்த வாரம் கால், கால், அரை. பக்கத்தைத் திருப்பினாள். டிசம்பர் ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் இருந்தது: கரண்டு கட், ஒன்று. இருபதாம் தேதி: பஞ்சு மாத்துனது, முக்கால். இன்னும் வராத நாட்களின் கரண்டு கட்டைக்கூட யோசித்து வைத்திருக்கிறார் மனுஷன்.

சாம்பிள் வேற, மூட்டை வேற. அதுவும் அவரே. அவள் சொல்லிக்கொடுத்ததை வைத்தே, ஒரு புள்ளி பிசகாமல்.

விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கினாள். டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் போனாள். மறுபடியும் மேலிருந்து பார்த்தாள்.

"பூஜ்யம் எங்கடா?"

"கேட்டேன்க்கா. கடைசிக்காவது ஒரு பூஜ்யத்தப் போட்டு வைப்பமான்னு." என்றான் நிலவன். "வேணாம்னுட்டாரு. பூஜ்யம்னா மறுநாளே பஸ்சு ஏறி வந்துருவா, என்னைக்கும் போடாதன்னாரு."

"அருளு, வெரசா வா ஆத்தா. வாய்க்கரிசி போடணும்" என்று அத்தை கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

பெட்டியின் மூடியைத் தூக்கியிருந்தார்கள். அம்மா நகர்ந்து இடம்விட்டாள். யாரோ அவள் உள்ளங்கையில் அரிசியை வைத்தார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். பாதியாகிப் போன முகம். இரண்டு கன்னத்திலும், மூக்கோரத்திலிருந்து காது வரைக்கும், குழாய் அழுத்திய கோடு பள்ளமாகப் பதிந்திருந்தது.

"மூணு தடவ போடு ஆத்தா."

அரிசியை இடது கைக்கு மாற்றி மூடிக்கொண்டு, வலது கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தேய்த்தாள். அது போகவில்லை. மறுபடி தேய்த்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவரவர் கை அரிசியோடு காத்திருந்தார்கள்.