தகவலாளி பதினான்கு

பல்கலைக்கழகத்தில் நகல் எடுக்கும் அறையில் எனக்கு வேலை. பேய், பில்லி, சூனியம் பற்றி மக்கள் என்ன நம்புகிறார்கள் என்று ஆராயும் துறையிலிருந்துதான் அதிகமாகத் தாள்கள் வரும். எதையும் படிக்கக் கூடாது என்பது விதி. அன்று எங்கள் தெருவைப் பற்றியது என்று கண்ணில் பட்டதும் படித்துவிட்டேன்.

"தகவலாளி பதினான்கு: தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் விதவை. இடது கால் சற்றுக் குட்டை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சூனியம் வைத்ததை ஒப்புக்கொண்டார்."

என் அத்தை. எங்கள் தெருவில் வேறு தையல்காரி கிடையாது. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்தே பாதிப் பேர் அவளிடம் துணி கொடுப்பதில்லை. கடையின் சொந்தக்காரர் அவளைக் காலி செய்ய வைக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார். அறிக்கையின் அட்டையில் 'அறியாமையை அகற்றுவோம்' என்று பெரிய எழுத்து. நாற்பது பிரதி வேண்டுமாம். நாளை எங்கள் தெருவில் கூட்டம் போட்டு ஆளுக்கொன்று கொடுப்பார்களாம்.

எனக்கு யாரிடமும் பேச வராது. அறிக்கையை எழுதிய ஆய்வாளர் பிரதிகளை வாங்க வந்ததும் தாளை நீட்டினேன்.

"சார், எங்க அத்தை இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க."

"பதிவு இருக்கும்மா. நீயே கேளு."

கைபேசியில் ஓடவிட்டார். தையல் மிஷின் சத்தம். "சூனியம் வச்சது நீங்களா?" என்று அவர் குரல். பிறகு அத்தை: "ஆமாப்பா, நான்தான் வச்சேன். அதுல ரெண்டு முழம் மிச்சம் இருக்கு. உனக்கும் ஒரு சட்டை தைச்சுத் தரவா?" அடுத்துக் கடகடவென்று சிரிப்பு.

"நக்கல் பண்றாங்க சார். உப்பு கூடிப்போச்சான்னு கேட்டாக்கூட, ஆமா, மூட்டையோட கொட்டினேன்னுதான் சொல்லுவாங்க."

"கேள்விக்கு ஆமான்னா ஆமாதான். எங்க ஆய்வு முறை அப்படி. பேரு போடலையே?"

"காலைப் போட்டிருக்கீங்களே."

பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். 'ஒப்புக்கொண்டார்' என்பதற்கு முன்னால் 'சிரித்தபடி' என்று சேர்த்தார்.

"இப்ப திருப்தியா?"

குழந்தைக்குச் சூனியம் வைத்துவிட்டுச் சிரிக்கிறவள். இந்த ஒரு வார்த்தை எங்கள் தெருவில் என்ன செய்யும் என்று எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிகிறது. தாளை நாலாகக் கிழித்தேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு. உன் வேலைதான் போகும்," என்றார்.

"அதுலயும் அழிச்சிட்டு வாங்க."

நகல் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் வெளியே போனதும் ஒயரைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.